வெற்றி பெற்ற கழுத்து

என் கழுத்து வெற்றி பெற்று இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. இதை நான் சொல்லவில்லை. பைபாஸ் ஓரத்தில் ஆறு மாடியில் நிற்கும் மேருதண்டம் மருத்துவமனையின் வரவேற்பறைச் சுவர் சொல்கிறது. 'கழுத்தெலும்பு இணைப்பு அறுவை: 998. வெற்றி: 998' என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, மேலே நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் அறுநூற்றுப் பதினொன்றாவது ஆள் நான். ராஜையன், வயது ஐம்பத்திரண்டு, விழிஞ்ஞம். வெற்றி பெற்ற நாளிலிருந்து நான் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியது கிடையாது. அதை எழுத அந்தச் சுவரில் இடமில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் புலம்பல் விளங்காது. மலையாளக் கரையில் இருக்கிற விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் ஏலம் விளிக்கிறவன் நான். தமிழ்நாட்டுப் பக்கம் கொல்லங்கோட்டிலிருந்து எல்லை தாண்டி இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் மீன் பெட்டி சுமக்க வந்தேன். பன்னிரண்டு வருடம் தலையில் சுமந்தேன். கழுத்து தேய்ந்தது அப்போதுதான் என்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது. பிறகு என் தொண்டையைக் கேட்ட ஒரு வியாபாரி, "இவன வெறுதே சுமக்க விட்டுட்டோமே" என்று ஏலம் விளிக்க நிறுத்தினார். மைக் கிடையாது. அலை, மோட்டார், காக்கா எல்லாவற்றுக்கும் மேலே சத்தம் போக வேண்டும். எனக்குப் போகும்.

ஏலத்தில் வாய் திறப்பது நான் ஒருவன்தான். வாங்குகிறவர்கள் பேச மாட்டார்கள். ஒருவர் புருவத்தைத் தூக்குவார், ஒருவர் காதைத் தொடுவார், ஒருவர் மோவாயை ஓர் அங்குலம் அசைப்பார். பக்கத்தில் நிற்பவனுக்கு அது தெரியக் கூடாது, எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு வலம், இடம், பின்னால் என்று தலை சட்டுச் சட்டென்று திரும்ப வேண்டும். மூன்று எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்து, ஆறு ஸ்க்ரூ முடுக்கிய பிறகு நான் உடம்போடுதான் திரும்புகிறேன். துறையில் எனக்கு லைட்ஹவுஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன மாதம் ஒரு சாளை மீன் குவியலுக்கு இடது பக்கத்து வியாபாரி ஒருவர் காதைத் தொட்டுத் தொட்டுக் காதே சிவந்துபோயிற்றாம். நான் சுற்றி வந்து சேர்வதற்குள் சாளை விற்றுப்போயிருந்தது. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அதையும் சகித்துக்கொள்ளலாம். வலிதான் சனியன். வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். கீழ் எலும்பு ஒட்டவில்லை, ஒரு ஸ்க்ரூ ஆடுகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். சரி, வெட்டினவரிடமே கேட்போம் என்று போனேன். எனக்கு வேண்டியது இரண்டு பதில். இன்னொரு தடவை கழுத்தைத் திறந்தால் வலி போகுமா? சத்தம் போய்விடுமா? முதல் தடவை தொண்டைக்குப் பக்கத்தில் கீறித்தான் உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்த மூன்று வாரம் பயந்ததுபோல நான் வலிக்குக்கூடப் பயந்ததில்லை.

டாக்டரைப் பார்க்கும் முன்னால் வலியை அளக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சிஸ்டர் ரெஷ்மா நல்ல பிள்ளை. ஓர் அட்டையை நீட்டினாள். பூஜ்யத்தில் சிரிக்கிற முகம், பத்தில் அழுகிற முகம்.

"எத்தற அண்ணா?"

"எட்டு."

கம்ப்யூட்டரில் தட்டினாள். அது 'டொக்' என்றது. மறுபடி தட்டினாள், மறுபடியும் 'டொக்.'

"எடுக்கல்ல அண்ணா. ஆபரேஷன் கழிஞ்சு ஒரு வருஷம் ஆனவங்களுக்கு மூணு வரைக்கும்தான் எடுக்கும்."

"வலி எட்டு இருக்கே பிள்ளே."

"வலி எட்டா இருக்கலாம். சிஸ்டம் மூணுதான்."

"ஏழு போடு."

"மூணு."

"ஆறர. உறக்கமே கெடையாது, பாத்துக்க."

"உறக்கம் வேற செக்‌ஷன் அண்ணா. மூணு போடட்டா?"

பதினைந்து வருடமாக விலையை மேலே ஏற்றிப் பிழைக்கிறவன் நான். அன்றைக்கு என் சொந்தச் சரக்கு எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கி அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அச்சடித்து வந்த சீட்டில் வலி என்ற வார்த்தைகூட இல்லை. 'மிச்ச உணர்வு: 3' என்று இருந்தது.

வெட்டினவர் டாக்டர் ஸ்ரீகண்டன் தம்பி; தம்பி என்பது குடும்பப் பெயர். கணினித் திரையில் என் ஸ்கேனைப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார்.

"சாரே, எலும்பு ஒட்டல்லன்னு எழுதியிருக்கே?"

"ஒட்டல்லன்னு யாரு பறஞ்சு? ஒட்டிக்கொண்டிருக்குது. நாம இப்போ பேசிக்கொண்டிருக்கும்போதும் அது ஒட்டிக்கொண்டிருக்குது."

"ரெண்டு வருஷமாட்டா?"

"ராஜையன், ஒரு பாலம் கட்ட எத்தற வருஷம் எடுக்கும்? அதுக்காக பாலம் தோத்துப்போச்சுன்னு பறயுமா?"

"ஸ்க்ரூ ஆடுதுன்னு..."

"ஆடல்ல. கொஞ்சம் சுதந்திரம் எடுத்திருக்குது, அவ்வளவே உள்ளூ. வேணும்னா திறந்து சரியாக்கலாம். பக்ஷே, ரெண்டாவது ஆபரேஷன்னு மட்டும் பறயக் கூடாது, கேட்டோ. அது முதல் வெற்றியோட தொடர்ச்சி."

"செய்தா வலி போவுமா சாரே?"

"எலும்பு ஒட்டும்."

"வலி?"

அவர் முதல்தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பாவம், அவருக்கும் சலிப்பாகத்தான் இருந்திருக்கும். "ராஜையா, நான் எலும்பு டாக்டர். வலி நோயாளியோட சொந்தக் காரியம்."

"சத்தம் போவுமா? எனக்க பொழப்பு சத்தமாக்கும்."

"நான் தொண்ட வழியா கடந்து போறேன். அங்க தங்கறதில்ல. தொண்டயப் பத்தி தொண்ட டிபார்ட்மென்ட்ல கேளு."

தொண்டை டிபார்ட்மென்டில் கேட்டேன். ஒரு குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நன்றாக இருக்கிறது, நன்றாக இருப்பதை நாங்கள் பார்ப்பதில்லை, போன பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தொடர்ச்சி செய்வதற்கு முன்னால் இன்னொரு டாக்டரின் கருத்து கட்டாயம். நோயாளிகள் வெளியே அலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மருத்துவமனையே அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறது. வியாழக்கிழமை, நாலாம் மாடி, ஏழாம் அறை. என் மனைவி ராகேலும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கதவைத் திறந்தால் உள்ளே டாக்டர் ஸ்ரீகண்டன் தம்பி உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்க. பேரு?" என்றார்.

"சாரே, செவ்வாய்க்கிழம உங்களத்தானே பாத்தேன்?"

"செவ்வாய்க்கிழம நான் சிகிச்சை செய்யற டாக்டர். இன்னைக்கு நான் எந்தப் பக்கமும் இல்லாத ஆளு."

தான் செவ்வாய்க்கிழமை எழுதிய குறிப்பை எடுத்து, முன்பின் பார்த்திராதவர்போல நிதானமாகப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் புருவத்தைச் சுருக்கினார். "நல்ல டாக்டர். இவரு பறஞ்சது சரிதான். ஆனா ஆறு வாரம் ஓய்வுன்னு எழுதியிருக்காரு. எனிக்கு அதுல அபிப்பிராய வித்தியாசம் உண்டு. எட்டு வாரம்." கையெழுத்துப் போட்டு, இரண்டு கருத்துகளையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள் ராகேல் லிஃப்டில். "இவரு அவருதானே?"

"அவருதான்."

"பின்ன எதுக்கு ரெண்டாமதும் கும்பிட்டிய?"

எனக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் போனால் கை தானாகச் சேர்ந்துவிடுகிறது.

கீழே மக்கள் தொடர்பு அதிகாரி ரதீஷ் சம்மதப் படிவத்தைக் கொடுத்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்; வாயில் சிரிப்பு எப்போதும் ஒட்டியே இருக்கும். ராகேல் மலையாளத்தில் பள்ளிக்கூடம் படித்தவள், உட்கார்ந்து வரி வரியாக வாசித்தாள். பதினாலாவது வரியில் விரலை வைத்தாள். 'குரல் மாற்றம், தற்காலிகமாகவோ அல்லாமலோ.'

"தம்பி, இந்த 'அல்லாமலோ'ன்னு போட்டிருக்கது என்னவாக்கும்?"

"அது லீகல் சேச்சி."

"லீகல்னா, சத்தம் திரும்பி வராதா?"

"அப்படியில்ல. எல்லாரும் கையெழுத்துப் போடற வரிதான். ஆபரேஷனுக்கு டேட் வேணும்னா அடுத்த சனிக்கிழம நன்றிச் சங்கமம் உண்டு, ரெண்டு பேரும் வந்திடணும். முன்னாடி நன்றி சொன்னாத்தான் பின்னாடி டேட்."

சங்கமத்துக்குப் போனோம். ஆறாம் மாடி மண்டபத்தில் நாற்பது பேர், நாற்பது கழுத்துப்பட்டை, நாற்பது பேரும் நேரே மேடையைப் பார்த்தபடி. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நம்ம ஊரில் ஒரு குடிநீர்க் குழாயைத் திறப்பதென்றாலும் வாழ்த்துரைக்கு எட்டுப் பேர் வேண்டும். இங்கே பதினொரு பேர். வரவேற்புரை, தலைமையுரை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்து சேர்மன் எழுந்தார்.

"தோல்வி என்ற சொல் இந்த ஸ்தாபனத்தில் கிடையாது," என்றார். "எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் படிவத்தில் தோல்வி என்று ஒரு கட்டம் இருந்தது. அப்போது சில தோல்விகளும் இருந்தன. நாங்கள் ஆராய்ந்தோம். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தோல்விகூட வரவில்லை!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்து நோயாளிகளுக்குப் பொன்னாடை. பொன்னாடை வாங்குகிறவர் குனிய வேண்டும் என்பது முறை. எங்கள் நாற்பது பேரில் ஒருவராலும் குனிய முடியாது. போர்த்த வந்த சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, ஆள் ஐந்தடிக்கும் குறைவு. முதல் ஆளுக்கு எட்டாமல் வலை வீசுவதுபோல வீசினார்; அது பின்னால் நின்ற நர்சின் மேல் விழுந்தது. ரதீஷ் ஓடிப்போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தான். பெரியவர் ஏறிப் போர்த்தினார், இறங்கினார், அடுத்த ஆளுக்கு ஏறினார். முப்பத்தோராவது ஆளில் ஸ்டூலின் மேலேயே நின்று தன் கழுத்தின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு "அம்மே" என்றார். டாக்டர் ஸ்ரீகண்டன் தம்பி நாற்காலியை விட்டு எழுந்து அவரை ஆர்வமாகப் பார்த்தார்.

கடைசியாக ரதீஷ் மைக்கைப் பிடித்தான். "ஒரே கழுத்தில் இரண்டு வெற்றி கண்ட நம்ம மாடம்மாள்! எழுநூற்று நாலும் இவர்தான், எண்ணூற்றுப் பத்தும் இவர்தான். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்திருக்கிறார். இரண்டு வார்த்தை பேசுவார்."

நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் மேடையேறி மைக் முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ரதீஷ் மைக்கைத் தட்டிப் பார்த்தான்; அது நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் வாயோடு ஒட்டிப் பிடித்தான். புஸ் புஸ் என்று காற்று வந்தது. ரதீஷ் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "நன்றி பொங்கி அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது!" என்றான். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. எனக்குக் கை எழவில்லை. அடைத்த தொண்டை எப்படி இருக்கும், போன தொண்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தேநீரும் பழம்பொரியும் கொடுத்தார்கள். நான் அவளைத் தேடிப் போனேன். ஜன்னல் பக்கம் தனியாக நின்றிருந்தாள். காதை அவள் வாயருகே கொண்டுபோக இடுப்பிலிருந்து வளைய வேண்டியிருந்தது.

"சத்தம் போயி எவ்வளவு நாளாச்சும்மா?"

"பதினாலு மாசம்ணே." கிசுகிசுப்பாக வந்தது. "ரெண்டாவது ஆபரேசன் அன்னைக்குப் போனதுதான்."

"வலி?"

"பொய் சொல்லக் கூடாது. பாதி கொறஞ்சிருக்கு. கையில எரிச்சல் இருந்துச்சு, அது சுத்தமாப் போச்சு. கொழுந்து பறிக்கப் போறேன்."

"சத்தம் இனி வருமாமா?"

தலையை ஆட்ட முடியாததால் கையை ஆட்டினாள். "எதிர்ச் சரிவுல நிக்கிற ஆளக் கூப்பிட முடியல. யான வந்தாலும் தட்டத்ததான் தட்டணும். வலிக்கு அது தேவலன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க என்ன வேலைண்ணே?"

"மீன் ஏலம் விளிக்கியேன்."

அவள் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்ப நீங்கதாண்ணே யோசிக்கணும்," என்றாள். இரண்டு வருடமும் நாலு மாதமும் அந்தக் கட்டடத்துக்கு அலைந்ததில் எனக்குக் கிடைத்த நேரான பதில் அது ஒன்றுதான். கண் கலங்கிவிட்டது, மறைக்கத் திரும்பவும் முடியவில்லை.

பஸ் திருவல்லம் தாண்டியது. பிறகு ராகேல்தான் ஆரம்பித்தாள்.

"சத்தம் போனா போட்டும். நீங்க ராத்திரி வலியில செவரப் பிடிச்சிட்டு நிக்கியத நானாக்கும் பாத்திட்டுக் கெடக்கியது. பாதி கொறைஞ்சாலும் லாபந்தானே?"

"சத்தம் போனா துறையில எனக்கு என்ன வேல? திரும்பப் பெட்டி சொமக்கவா? எந்தக் கழுத்த வச்சு?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். "ராகேலே, எனக்குப் பயமாட்டு இருக்கு," என்றேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அவளிடம் இப்படி நான் சொன்னதில்லை.

அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முக்கோலா ஸ்டாப் வந்தபோது சொன்னாள்: "செரி. வேண்டாம்."

"வலியோட விளிக்கலாம். சத்தம் இல்லாம விளிக்க முடியாது, கேட்டியா?"

"அதான் வேண்டாம்னு சொல்லியாச்சே. மாத்திரையாவது கூடுதலாட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. அந்த நாலு மணி நேரமாவது உறங்கணும்லா."

திங்கட்கிழமை ரதீஷிடம் போய், ஆபரேஷன் வேண்டாம் என்றேன். அவன் வருத்தப்படவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஓகே அண்ணா. காரணம் போடணும், இல்லேன்னா ஃபைல் க்ளோஸ் ஆகாது." திரையை என் பக்கம் திருப்பினான். மூன்று காரணங்கள் இருந்தன. நோயாளி இறந்தார். நோயாளி வெளிநாடு சென்றார். நோய் குணமாயிற்று.

"இது மூணும் இல்ல தம்பி."

"ஒண்ணு வேணுமே அண்ணா. கல்ஃப் போற பிளான் உண்டோ?"

"இல்ல."

முதல் காரணத்தையும் என்னையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தான். பிறகு மூன்றாவதைத் தட்டினான். திரையில் ஒரு பச்சைப் பூ மலர்ந்தது. "கண்கிராஜுலேஷன்ஸ் அண்ணா! கத்தியே வைக்காம நமக்குக் கிடைச்ச முதல் வெற்றி!"

"இருக்கட்டும். வலி மாத்திரை கொஞ்சம் கூட்டி எழுதித் தரச் சொல்லணும்."

"எந்த வலிக்கு?"

"கழுத்து வலிக்கு."

"குணமாயாச்சே அண்ணா. குணமானவங்களுக்கு அந்த மாத்திர எழுதினா ஆடிட்ல பிடிப்பாங்க. பழைய சீட்டும் இனி எடுக்காது." சிரிப்பு மாறாமல்தான் சொன்னான்.

அதுவரை அந்தக் கட்டடத்தில் நான் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"எனக்க கழுத்து வலிக்குதுடே!"

அலைக்கும் மோட்டாருக்கும் மேலே போகிற சத்தம். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. சிஸ்டர் ரெஷ்மா அட்டையைக் கீழே போட்டாள். பெஞ்சில் இருந்த பட்டைக் கழுத்துக்காரர்கள் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார்கள். லிஃப்டிலிருந்து இறங்கியவர்கள் திரும்ப லிஃப்டுக்குள் போய்விட்டார்கள். இரண்டு செக்யூரிட்டிகள் ஓடிவந்து, அருகில் வரப் பயந்து, தள்ளியே நின்றார்கள். மூச்சு வாங்கியது. வலி பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கியது, ஆனால் சத்தம் பிசிறில்லாமல் இருந்தது.

ரதீஷ் மட்டும் அசையவில்லை. தலையைச் சாய்த்து நன்றாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ சேர்த்து, அச்சடித்து, முத்திரை வைத்துத் தாளை என் கையில் கொடுத்தான். கடைசி வரியில், 'ஆபரேஷனுக்குப் பின் குரல் வளம்: மிக நன்று' என்று இருந்தது.

"அடுத்த வருஷம் சங்கமத்தில் அண்ணன்தான் பேசணும்," என்றான். "மைக்கே வேண்டாம்."

மாத்திரை மட்டும் தரவில்லை.